கைமாற்று

மூக்கையூர்ப் பள்ளிக்கூட மொட்டைமாடியில்
காற்றை உறிஞ்சும் பெட்டி ஒன்றை வைத்திருக்கிறேன்.
ஆறு மணி நேரத்துக்கு ஒரு வடிதாள்.
உள்ளங்கை அகல வெள்ளை வட்டம்,
விடியலில் எடுக்கும்போது
தேநீர்க் கறை நிறத்தில் இருக்கும்.

இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்தால்
ஒரு எடை.
உலர்பெட்டிக்குள் ஒரு பகல் கிடத்தினால்
வேறொரு எடை.
நடுவில் காணாமல் போனது தண்ணீர்.
அதைக் கணக்கெழுதத்தான் சம்பளம்.

ஐப்பசி போய்விட்டது.
கார்த்திகையிலும் பத்து நாள் கழிந்தது.
கண்மாய்க்குள் ஆட்டுப்புழுக்கை காய்கிறது.
வானம் மட்டும் ஈரத்துணியால் துடைத்த கண்ணாடிபோல்
மங்கிக் கிடக்கிறது.
கொடியில் போட்ட சட்டை மூன்று நாளாய்க் காயவில்லை,
உப்பு ஜாடியில் கரண்டி நட்டு நிற்கிறது.
மேலே இவ்வளவு இருந்தும்
ஒரு சொட்டு விழக் காணோம்.

கீழ்க்குழாய் வரவில்லையென்று
மாடித்தொட்டியில் மொள்ள ஏறி வந்தாள் நம்புசெல்வி.
ஊருக்கு மேற்கே கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுபவள்.
இமையோரத்திலும் கரி.
தாளை உற்றுப் பார்த்தாள்.
‘இதுல எம் மூட்டத்துப் புகை இருக்கா சார்?’

இருக்கிறது.
மண்போர்வைக்குள் மூச்சடைத்து வேகும்போது
மரத்தின் நார் உடைந்து சர்க்கரையாகி
புகையோடு வெளியேறிவிடுகிறது.
அதன் விளிம்பெல்லாம் ஆக்சிஜன்,
ஆக்சிஜனின் ஓரத்தில் ஹைட்ரஜன்.
கடலிலிருந்து கிளம்பிய நீர்மூலக்கூறு
அங்கேதான் ஒதுங்குகிறது.
தாரும் பிசினும் அப்படியில்லை.
புறப்பட்ட அன்று தண்ணீரை முகம்கொடுத்துப் பார்க்காது.
இரண்டு நாள் வெயிலில் அலைந்து
மேனியில் ஆக்சிஜன் ஏறிய பிறகுதான்
வா என்கிறது.

பிணைப்பு என்கிறது பாடப்புத்தகம்.
எனக்கு அந்தச் சொல்லில் சந்தேகம்.
ஒரு நொடியை லட்சம் கோடியாக நறுக்கினால்
அதில் ஓரிரு துண்டு நேரம் பிடித்திருக்கும்,
விட்டுவிடும்,
பக்கத்தில் நிற்பதைப் பிடிக்கும்.
தாலியும் இல்லை, பத்திரமும் இல்லை.
கைமாற்று.
ஈரம் இருக்கும்வரை புழங்கி
வெயில் ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுவது.

சொன்னேன். சிரித்துவிட்டாள்.
‘கரி யாவாரி குடுக்குற முன்பணம் மாதிரின்னு சொல்லிராதீங்க.
அது பிடிச்சா விடாது.’

குடம் இடுப்பில் ஏறிய பிறகு கேட்டாள்:
‘அப்ப எம் புகையாலதான் மழை வரலையா?’

துகள் இல்லாமல் மேகத்துளி இல்லை.
கடலின் உப்பும் அந்த வேலையைத்தான் செய்கிறது.
ஆனால் ஒரே பானைச் சோற்றுக்குப்
பந்தியில் ஆள் கூடிப்போனால்
ஆளுக்கு இரண்டு பருக்கை.
கனக்காத துளி கீழே இறங்காது.
அதில் அவள் பங்கு எவ்வளவு,
விசைப்படகுகளின் டீசல் எவ்வளவு,
வாடைக்காற்று எங்கெங்கிருந்தோ தூக்கி வந்தது எவ்வளவு,
அல்லது இந்த வருடம் மேகமே
வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டதா,
இந்த வட்டத்தில் என்னால் பிரித்தெடுக்க முடியாது.

‘தெரியல’ என்றேன்.
‘இதுக்கா இம்புட்டு கரண்டு’ என்று இறங்கினாள்.
மேலிருந்து இரண்டாம் படியில்
குடம் அலம்பிய ஈரம், திட்டாக.
அது எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூட்டம் பிரித்தார்கள்.
சனிக்கிழமைத் தாள் கொஞ்சம் வெளிறியிருந்தது.
மழை அன்றும் இல்லை.
ஈரப்பதம் தொண்ணூற்றிரண்டு என்று
குறிப்பேட்டில் எழுதினேன்.
எழுதும்போதே மை பரவி
இரண்டு மூன்றுபோல் ஆகிவிட்டது.
தாளும் மரத்து நார்தானே,
எனக்கு முன்பே கடன் வாங்கியிருக்கிறது.